முதல் பிள்ளை ஆபரேஷன், அடுத்தது எப்படி?

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். மார்ச் மாதம் ஒரு செவ்வாயன்று ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். எட்டாம் மாதம். மூத்தவனுக்கு மூன்று வயது, அவனை ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். கையில் வலைநூல் வாங்கிய கடையின் பிளாஸ்டிக் பை. அதற்குள் நான்காக மடித்த டிஸ்சார்ஜ் சீட்டு. உப்புக்காற்றில் காகிதம் நமுத்து, மடிப்பு ஓரம் இற்று, நீல மை பரவியிருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு இதுநாள் வரைக்கும் யாரும் படிச்சுச் சொல்லல சிஸ்டர். எங்க அத்தை, ஒரு தடவை கிழிச்சா மறு தடவையும் கிழிச்சுத்தான் ஆகணும்னு சொல்றாக. எங்கம்மா, எப்படியாச்சும் சுகப்பிரசவம் பாத்துரு தாயி, கடல்பாசி பறிக்கப் போற உடம்புங்கிறா. நீங்களே சொல்லுங்க, எது நல்லது?"

வரிசை நீளமாக இருந்த நாட்களில் இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறேன். அது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். இந்தக் கேள்வியும் குறையப் போவதில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 ஆபரேஷன். அரசு மருத்துவமனையில் 36, தனியாரில் 64. அப்படியானால் இரண்டாவது பிள்ளைக்காக வருகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வயிற்றில் தழும்போடுதான் வருவார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பிரசவத்தைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. குழந்தையின் தலை கீழே இருந்து, நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை அடைக்காமல் மேலே இருந்து, பிரஷரும் சுகரும் கட்டுக்குள் இருந்தால் சுகப்பிரசவத்துக்குக் காத்திருப்பதே சரி. வலிக்குப் பயந்து ஆபரேஷன் கேட்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களைத் திட்டக் கூடாது. எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் வலியைவிடப் பிரசவ அறையில் தனியாகக் கிடப்பதையும் அதட்டலையும்தான் சொல்வார்கள். அதற்கு மருந்து கத்தி இல்லை, கூடவே ஒரு துணை. பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை வைத்துக்கொள்ளலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி, அது யார் என்று பேசி வைத்தாலே பாதிப் பயம் இறங்கிவிடும்.

சீட்டைப் படிப்போம்

தங்கச்சிமடத்துப் பெண்ணின் சீட்டை மேசையில் விரித்து, மடிப்பை விரலால் நீவி விட்டு, இருவரும் சேர்ந்து படித்தோம். நடுவில் நான்கு எழுத்து: எல்.எஸ்.சி.எஸ். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டிக் குழந்தையை எடுத்தார்கள் என்று அர்த்தம். இந்தப் பகுதி மெல்லியது, நன்றாக ஆறும், அடுத்த வலியைப் பெரும்பாலும் தாங்கும். இதுவே மேல்பகுதியில் நெட்டாக வெட்டியிருந்தால் அடுத்த தடவை வலி வரவே விடக் கூடாது. ஆபரேஷன் ஒன்றே வழி.

வெளியே தெரிகிற தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. தோலில் அழகாகக் குறுக்கே கோடு இருக்கும், உள்ளே நெட்டு வெட்டாக இருக்கலாம். அதனால்தான் அந்தச் சீட்டு தங்கம் மாதிரி. சீட்டு தொலைந்து போயிருந்தால், பிரசவம் நடந்த மருத்துவமனையின் பதிவேட்டில் தேதியைச் சொல்லி நகல் கேளுங்கள். ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்து காரணம். "உனக்கு எதுக்கு ஆபரேஷன் பண்ணாங்க?" என்று கேட்டேன். "இடுப்பு எலும்பு சரியில்லன்னு" என்றாள். சீட்டில் இருந்ததோ வேறு. குழந்தை தலை கீழே திரும்பவில்லை, கால் முன்னால் இருந்தது. மூன்று வருடமாகத் தன் இடுப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் இந்தப் பெண். அதைப் படித்துச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் சீட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குழந்தை தலை திரும்பாதது, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியது, குழந்தை உள்ளேயே மலம் கழித்தது போன்றவை அந்தத் தடவையோடு போகிற காரணங்கள். மறுபடியும் வந்தே தீரும் என்று கிடையாது. வலி வந்தும் கர்ப்பப்பை வாய் திறக்காமல் நின்றுபோனது, தலை இறங்கவே இல்லை என்றால் யோசிக்க வேண்டியது கொஞ்சம் கூடுதல். ஆனால் அப்படி எழுதப்பட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடுத்த தடவை முயன்று சுகமாகப் பெற்றிருக்கிறார்கள். முன்பு ஒரு தடவையாவது சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு வாய்ப்பு இன்னும் நன்றாக இருக்கும்.

இடைவெளியும் முக்கியம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவே ஒன்றரை வருடத்துக்கும் குறைவாக இருந்தால் பழைய தையல் பிரிந்து தழும்பு விட்டுப்போகும் ஆபத்து கூடும். தாயின் எடை அதிகம், குழந்தை 4 கிலோவைத் தாண்டும்போல இருக்கிறது என்றால் சுகப்பிரசவ வாய்ப்பு குறையும். நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் பேச்சே இல்லை, ஆபரேஷன்தான்.

200 படகில் ஒன்று

சரி, சீட்டு நன்றாக இருக்கிறது, காரணமும் போய்விட்டது. இப்போதுதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது. இதற்கு நான் நம்புகிற எண்கள் பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கின்றன. அங்கத்திய வசதியில் எடுத்த கணக்கு அது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி நமக்கு எங்கே கிடைக்கும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முன்பு ஒரே ஒரு கீழ்ப்பகுதி ஆபரேஷன் ஆனவர்கள் 100 பேர் வலிக்குக் காத்திருந்து முயன்றால் 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. மீதி ஏறக்குறைய 25 பேருக்கு வலியும் பட்டு, கடைசியில் ஆபரேஷனும் ஆகிறது. இந்த 25 பேரைப் பற்றிச் சொல்லாமல் 75-ஐ மட்டும் சொல்வது நியாயமில்லை. களைத்துப்போன உடம்பில் அவசரமாகச் செய்கிற ஆபரேஷனில்தான் ரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் அதிகம். நாள் குறித்து நிதானமாகச் செய்வது அதைவிடப் பாதுகாப்பு.

எல்லோரும் பயப்படுவது தழும்பு விட்டுப்போவதற்கு. வலி எடுக்கும்போது பழைய தையல் இடத்தில் கர்ப்பப்பை பிரிவது. 200 பேர் முயன்றால் ஒருவருக்கு நடக்கலாம். நான் இதை அந்தப் பெண்ணிடம் அவளுக்குத் தெரிந்த கணக்கில் சொன்னேன்: "துறைமுகத்துல 200 படகு கட்டியிருக்குன்னு வெச்சுக்க. அதுல ஒரு படகு."

அவள் உடனே கேட்டாள்: "அந்த ஒண்ணு எங்க படகா இருந்தா?"

கடலுக்குப் போகிற வீட்டுப் பெண் இதைத்தான் கேட்பாள். புள்ளிவிவரம் படித்த எவரையும்விட அவளுக்கு இது நன்றாகப் புரிகிறது. நான் சொன்னேன்: "அதுக்குத்தான் கரைக்குப் பக்கத்துலயே இருக்கணும்கிறேன். தையல் விட்டாலும் தியேட்டர் பக்கத்துல இருந்தா, மயக்க டாக்டரும் ரத்தமும் தயாரா இருந்தா, உன்னையும் பிள்ளையையும் காப்பாத்தலாம். ஒரு மணி நேரம் வண்டியில வந்தா முடியாது." குழந்தைக்கு மூளையில் பாதிப்பு வருகிற அளவுக்குப் போவது 10,000-க்கு 8 என்று அந்த வழிகாட்டி சொல்கிறது. நாள் குறித்த ஆபரேஷனில் அது 10,000-க்கு ஒன்றுக்கும் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் ஆபரேஷன்தான் பாதுகாப்பு. மறைக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் அதே தராசில் வைக்க வேண்டும். மறுபடியும் ஆபரேஷன் என்றால் தாயின் உயிருக்கான ஆபத்து சுகப்பிரசவ முயற்சியைவிடக் கூடுதல். இரண்டிலுமே அது லட்சத்தில் சில பேர்தான். வலியே வராமல் எடுக்கிற குழந்தைக்குப் பிறந்ததும் மூச்சு வாங்குவது 100-க்கு 4, 5 பேருக்கு வருகிறது. முயற்சி செய்பவர்களின் பிள்ளைகளுக்கு 2, 3. ஆபரேஷனில் ஒரு லிட்டர் வரை ரத்தம் போவதைச் சாதாரணம் என்று கணக்கில் வைப்பார்கள், சுகப்பிரசவத்தில் அரை லிட்டர். ரத்தம் 8 கிராமில் நிற்கிற உடம்புக்கு அந்த அரை லிட்டர் பெரிய வித்தியாசம். இரும்புச்சத்து மாத்திரையைப் பானை அடியில் போட்டு வைக்காதீர்கள் என்று நாங்கள் கத்துவது இதனால்தான்.

சுகப்பிரசவமும் இலவசமாக வருவதில்லை. 100-ல் 5 பேர் வரை ஆசனவாய்த் தசை கிழிந்து தையல் போட வேண்டி வரலாம். இருமினால் சிறுநீர் கசிவது கொஞ்ச நாள் இருக்கலாம். இதையெல்லாம் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் சொல்லாமல் விட்டதைத்தான் பெண்கள் பிறகு வந்து கேட்கிறார்கள், "நீங்க ஏன் சிஸ்டர் அப்பவே சொல்லல" என்று.

அப்புறம் வேலை. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசிக்குப் போகிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையில் பறிப்பவர்கள். சிலர் மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கிறார்கள், ஈரத்தோடு மிதவையைத் தூக்க வேண்டும். மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் இறைத்து இடுப்பில் குடம் சுமப்பவர்களும் உண்டு. சுகப்பிரசவம் ஆனவள் இரண்டு, மூன்று நாளில் வீடு திரும்பி நடமாடுவாள். ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியிலேயே ஐந்து நாளுக்கு மேல் ஆகும். குறைந்தது ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. புண் ஆறும் வரை கடலில் இறங்கவே கூடாது. வீட்டில் தண்ணீர் சுமக்க இன்னொரு ஆள் இருக்கிறாளா என்று நான் கேட்டே தீருவேன். மருத்துவமனைச் சீட்டில் எழுதாத கேள்வி இது. ஆனால் பல பெண்களுக்கு முடிவை மாற்றுகிற கேள்வி.

ஆபரேஷன் பற்றி ஊரில் சுற்றுகிற இரண்டு பேச்சை இங்கேயே முடித்துவிடுகிறேன். முதுகில் போடுகிற ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்பது சரியில்லை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். பிள்ளை தூக்குவதும் குனிந்து வேலை செய்வதும் பால் கொடுக்க வளைந்து உட்காருவதும் சுகப்பிரசவம் ஆனவளுக்கும் முதுகுவலியைத் தரும். தண்ணீர் குடித்தால் புண்ணில் சீழ் கட்டும் என்று வாயை நனைக்க மட்டும் தருகிறார்களே, அது கெடுதல். மலம் இறுகும், நீர்க்கடுப்பு வரும், பாலும் குறையும். பால்சுறாப் புட்டு தாராளமாகக் கொடுங்கள், கூடவே தண்ணீரும் கொடுங்கள்.

எந்த ஊரில் இருக்கிறீர்கள்?

இந்தக் கரையில் எந்தப் பிரசவம் என்ற கேள்வியிலிருந்து எந்த இடத்தில் என்ற கேள்வியைப் பிரிக்கவே முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். நடுவில் பாம்பன் பாலம். தொண்டியிலிருந்தும் சாயல்குடி, மூக்கையூர் பக்கத்திலிருந்தும் ஒரு மணி நேரமாவது பிடிக்கும். தனுஷ்கோடிப் பக்கம் குடிசை போட்டுக் கரைவலை இழுக்கிறவர்கள் முதலில் ராமேஸ்வரம் வரவே நேரமாகும். 2008-லிருந்து 108 ஓடுகிறது, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 108 தூரத்தை இல்லாமல் ஆக்காது.

முன்பு ஆபரேஷன் ஆனவர் சுகப்பிரசவத்துக்கு முயல வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையம் அதற்கான இடம் இல்லை. என் இடத்தைப் பற்றி நானே சொல்கிறேன். எங்களால் துடிப்பு கேட்க முடியும், வலியைக் கவனிக்க முடியும். ஆனால் தையல் விட்டால் வயிற்றைத் திறக்க முடியாது. இருபத்து நான்கு மணி நேரமும் மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், தியேட்டர், ரத்தம் இருக்கிற சீமாங் மையத்தில்தான் இது நடக்க வேண்டும். மாவட்டத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே ராமநாதபுரத்தில் இருக்கிறது. ரொம்பச் சிக்கலானால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அதற்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

தனியாரில் பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி சொல்லித் தருகிறேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு அவசரம்னா மயக்க டாக்டர் எவ்வளவு நேரத்துல வருவாங்க?" என்று கேளுங்கள். அதே ஊரிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்து வர வேண்டுமா? பதில் தெளிவாக இல்லை என்றால் அங்கே நாள் குறித்த ஆபரேஷன் செய்துகொள்ளலாம், தழும்போடு வலிக்குக் காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் இரண்டு விதப் பிரசவத்துக்கும் கட்டணம் கிடையாது. மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிற வண்டி எல்லாம் அதில் அடங்கும். முத்துலட்சுமி ரெட்டி உதவித் திட்டமும் எந்த வழியில் பெற்றாலும் ஒன்றுதான். ஆகவே பணத்தை வைத்து இதை முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் இருக்கும்போது வலி வந்தால் இந்தப் பெண்கள் செய்யக் கூடாத இரண்டு காரியம் உண்டு. சூட்டு வலியா பிள்ளை வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு விடிய விடியக் காத்திருப்பது ஒன்று. தழும்பு உள்ளவர்கள் சூட்டு வலியாக இருந்தாலும் கிளம்பி வந்துவிட வேண்டும். இல்லை என்று திருப்பி அனுப்பினால் போகட்டும். இன்னொன்று, பக்கத்தில் யாரிடமாவது வலி ஊசி போட்டுக்கொள்வது. மருந்து வைத்து வலியைத் தூண்டினால் தையல் விடுகிற ஆபத்து இரண்டு, மூன்று மடங்கு கூடும். பெரிய மருத்துவமனையிலேயே அதற்கு ரொம்ப யோசிப்பார்கள். குறித்த தேதி தாண்டியும் வலி வராவிட்டால் எத்தனை நாள் காத்திருப்பது என்பதை மருத்துவரிடம் முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு வலிக்கு நடுவிலும் விடாமல் தழும்பு இடத்தில் வலிப்பது, ரத்தம் போவது, நன்றாக வந்த வலி சட்டென்று நின்றுபோவது, தோள்பட்டையில் வலி, இவை எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இன்னும் எத்தனை பிள்ளை?

இந்தக் கேள்வியைப் புருஷன் முன்னாலோ மாமியார் முன்னாலோ கேட்க மாட்டேன். தனியாகக் கேட்பேன். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் உள்ளே ஒட்டல் கூடும். அதைவிடப் பெரிய விஷயம் நஞ்சு. பழைய தழும்பின் மேல் நஞ்சு வேர்விட்டு ஒட்டிக்கொண்டால் பிரசவத்தில் ரத்தம் நிற்காது, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் இந்த ஆபத்து ஏறிக்கொண்டே போகும். மூன்று, நாலு பிள்ளை வேண்டும் என்பவளுக்கு இந்தத் தடவை சுகப்பிரசவத்துக்கு முயல்வதில் பெரிய லாபம் இருக்கிறது. இதுவே கடைசி என்றால் அந்த லாபம் சின்னதாகிவிடுகிறது.

"ஆபரேஷனோடயே குடும்பக் கட்டுப்பாடும் முடிச்சுக்கலாம்ல" என்பதற்காகவே ஆபரேஷனைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நிறைய. புரிகிறது, ஒரே தடவை படுத்து எழுந்தால் போதும். ஆனால் சுகப்பிரசவம் ஆன ஒரு வாரத்துக்குள், தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டில், அதே ஆஸ்பத்திரியில் கருத்தடை செய்ய முடியும். அதற்காக மட்டும் வயிற்றை முழுதாகத் திறக்க வேண்டியதில்லை. காப்பர் டி-யும் அப்படித்தான். எந்த வழியிலும் போடலாம், ஆனால் உங்களிடம் கேட்டு, நீங்கள் சரி என்ற பிறகுதான் போட வேண்டும்.

தங்கச்சிமடத்துப் பெண்ணுக்குக் குறித்த தேதி ஏப்ரல் 25. அத்தைக்கு அது பெரிய கவலை. சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாதாம். பங்குனி முடிவதற்குள் நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். நம்பிக்கையோடு நான் சண்டை போடுவதில்லை. கணக்கைச் சொன்னேன். பங்குனிக்குள் என்றால் 38 வாரம்தான் ஆகியிருக்கும். அவசரமில்லாத ஆபரேஷனை 39 வாரத்துக்கு முன்னால் செய்யக் கூடாது, நுரையீரல் முழுக்கத் தேறாமல் பிள்ளை மூச்சுக்குத் திணறிக் கண்ணாடிப் பெட்டியில் கிடக்க நேரலாம். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற மகன் பங்குனியில் கடலில் இருப்பான், சித்திரையில் வீட்டில் இருப்பான். அத்தை அதை யோசித்திருக்கவில்லை. "அவன் இருந்தாத்தானே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடுவான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பேச்சு அதோடு மாறிவிட்டது.

புருஷன் கடலில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும் ஆபரேஷனுக்குக் கையெழுத்து என்று வரும்போது வயதுக்கு வந்த பெண்ணின் சம்மதமே சட்டப்படி போதும். வீட்டார் கையெழுத்துக்காக அவசர ஆபரேஷன் தள்ளிப்போகக் கூடாது. முடிவும் அவளுடையதுதான். அத்தையும் அம்மாவும் கூட இருந்து பேசலாம், பேச வேண்டும், ஆனால் வலிக்கப்போவது ஒருத்தி உடம்பு.

என் முடிவைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன். கீழ்ப்பகுதி வெட்டு ஒன்றே ஒன்று, காரணம் அந்தத் தடவையோடு போனது, இடைவெளி போதுமானது, 37 வாரத்துக்குப் பிறகு பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் போய் இருக்க முடியும் என்றால் சுகப்பிரசவத்துக்கு முயலச் சொல்வேன். அப்படிப் பக்கத்தில் போய் இருக்க வழியே இல்லை, வீட்டில் ஆண் துணை இல்லை, இன்னொரு பிள்ளை வேண்டாம் என்பவளுக்கு 39 வாரத்தில் நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்வது நல்ல முடிவு. அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எந்த வழியானாலும், அது பாதியில் மாறினால் என்ன செய்வது என்பதை 36 வாரத்துக்குள் பேசி வைத்திருக்க வேண்டும்.

அதே மாதம் கீழக்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் என்னிடம் பேசினாள். முன்பு இரண்டு ஆபரேஷன், இது மூன்றாவது பிள்ளை, வீட்டுக்காரர் சவூதியில். சுகப்பிரசவம் பார்க்கலாமா என்று அவளுக்கு ஆசை. இரண்டு தழும்போடு முயல்வதை மூத்த மருத்துவர் ஒருவர் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று அனுப்பினேன். அவர் ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்தார். தழும்பை விட்டு விலகி மேலே இருந்தது. இருந்தும் எல்லாம் யோசித்து அவளும் உம்மாவும் ஆபரேஷனையே தேர்ந்தெடுத்தார்கள். நாளும் குறித்தாகிவிட்டது. குறித்த நாளுக்கு ஐந்து நாள் முன்னால் நடுராத்திரி பனிக்குடம் உடைந்தது. பையும் சீட்டும் வாசல் பக்கம் தயாராக இருந்தன, ரத்தம் கொடுக்க மச்சான் இருவர் பெயர் முன்பே எழுதியிருந்தது, ஆஸ்பத்திரி அரை மணி நேரத் தூரம். விடிவதற்குள் பெண் குழந்தை.

தங்கச்சிமடத்துப் பெண் 37 வாரத்தில் தேவிபட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ராமநாதபுரம் அரை மணி நேரம்கூட ஆகாது. குறித்த தேதிக்கு மூன்று நாள் முன்னால் தானாகவே வலி வந்தது. தடைக்காலம், வீட்டுக்காரர் கூடவே இருந்தார். பதினொரு மணி நேரம் முயன்றாள். கடைசியில் தலை இறங்காமல் நின்றது, பிள்ளையின் துடிப்பும் குறையத் தொடங்கியது. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய் எடுத்துவிட்டார்கள். பையன், 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்கு வந்தபோது கேட்டேன், வருத்தமா என்று. "இல்ல சிஸ்டர். எனக்குத் தெரிஞ்சுதானே போனேன். அந்த 25-ல நான் ஒருத்தி" என்றாள். பிறகு பையிலிருந்து புதுச் சீட்டை எடுத்துக் காட்டினாள். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் அங்கிருந்த நர்ஸிடம் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லி, காரணத்தைத் தமிழில் பின்பக்கம் எழுதி வாங்கியிருந்தாள். இரண்டு சீட்டையும் சேர்த்து லேமினேஷன் போட ராமேஸ்வரத்தில் எந்தக் கடை நல்லது என்று கேட்டுக்கொண்டு போனாள்.